தறிக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தவர்

பட்டுத் தறியில் பிறந்து கம்ப்யூட்டர் வரை வந்த ஒரு துளையின் கதை

கல்யாணப் பட்டுப்புடவையைக் கையில் எடுத்துப் பாருங்கள். முந்தானையில் மயில் ஆடும். கரையில் மாங்காய் வரிசையாக ஓடும். ஒரு மாங்காய்க்கும் அடுத்த மாங்காய்க்கும் மயிரிழை வித்தியாசம் இருக்காது.

புடவையை நெய்தவர் நெசவாளி. சரி, ஆயிரக்கணக்கான நூல்களில் எந்த நூல் எப்போது மேலே எழ வேண்டும் என்று தறிக்குச் சொன்னது யார்?

காஞ்சீபுரத்தில் நெசவாளி வீட்டுக்குப் போனால் விடை கிடைக்கும். தறிக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும். பெட்டியில் இருந்து அட்டைகள் மாலை கோத்தது போல் தொங்கும். அட்டைகளில் சின்னச் சின்னத் துளைகள். அது என்ன என்று கேட்டால், ஜக்கார்டு என்பார்கள்.

ஜக்கார்டு என்பது ஒரு மனிதரின் பெயர். அவர் பிரெஞ்சு நாட்டு நெசவாளி. பிரெஞ்சுக்காரர் வாயில் அது ஜாக்கார். நம்மவர் வாயில் ஜக்கார்டு.

13 வயது வரை அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்படிப்பட்டவர்தான், பிற்காலத்தில் மரத்தறிக்கே படிக்கக் கற்றுக் கொடுத்தார். அவர் அட்டையில் போட்ட துளை, இன்று நம் சட்டைப் பையில் இருக்கும் செல்போனுக்குள்ளும் வேறு உருவத்தில் உட்கார்ந்து இருக்கிறது.

எப்படி? கதையைக் கேளுங்கள்.

துணியால் வாழ்ந்த இரண்டு ஊர்கள்

பிரான்சு நாட்டின் தெற்குப் பக்கத்தில் லியோன் என்று ஒரு நகரம். இரண்டு ஆறுகள் கூடும் இடம். பட்டு நெசவுக்குப் பேர் போனது. நமக்குக் காஞ்சீபுரம் எப்படியோ, பிரெஞ்சுக்காரர்களுக்கு லியோன் அப்படி.

கடல் கடந்து இந்தப் பக்கம் வந்தால் நம்முடைய புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர்கள் 1674-ம் ஆண்டு இங்கே காலூன்றினார்கள். அவர்களை இழுத்து வந்ததும் துணிதான். சுற்று வட்டாரத்து நெசவாளிகள் நெய்த பருத்தித் துணி கப்பல் ஏறியது. அவுரிச் சாயம் தோய்த்த நீலத் துணிக்குக் கினே என்று பெயர். அது மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாடு வரை போயிற்று. டைரி எழுதிப் புகழ் பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளையும் துணி வியாபாரத்தில் ஈடுபட்டவரே.

அந்த லியோனில் 1752-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி ஜோசப் மாரி பிறந்தார். தந்தை ஜான் சார்லஸ், பூவேலைத் துணி நெய்யும் கைதேர்ந்த நெசவாளி. தாய் அந்துவானெத். வரைபடத்தைப் பார்த்து, எந்த நூலை எப்போது தூக்க வேண்டும் என்று பிரித்துச் சொல்வது அவர் வேலை.

குடும்பத்தின் உண்மையான பெயர் சார்லஸ். ஜக்கார்டு என்பது அவர்கள் கிளைக்கு ஊரார் வைத்த பட்டப்பெயர். நம் கிராமங்களில் ஒரே பெயரில் பல வீடுகள் இருந்தால், ஆளுக்கு ஒரு பட்டப்பெயர் வைப்பது போல. கடைசியில் பட்டப்பெயரே உலகம் முழுவதும் நிலைத்துவிட்டது.

ஜோசப்புக்கு 8 வயது நடந்தபோது, 1761 ஜனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. ஊரை இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். அடுத்த ஆண்டு லியோனில் அந்தச் சிறுவனுக்கும் ஒரு பேரிடி. தாய் இறந்துவிட்டாள்.

13 வயதில் அ, ஆ

பையனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. நெசவாளி வீட்டில் பிள்ளைகளுக்கும் வேலை இருந்தது. படிப்பு எதற்கு என்று நினைத்த காலம் அது.

அக்காளின் கணவர் பாரே என்பவர், அச்சுக்கூடமும் புத்தகக் கடையும் வைத்து இருந்தவர். அவர் மைத்துனனைக் கூப்பிட்டு உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். அப்போது பையனுக்கு வயது 13.

அந்த வயதில் அரிச்சுவடியைத் தொட அவன் கூச்சப்படவில்லை. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து, மை தடவி, காகிதத்தில் அழுத்தினால் ஒரு பக்கம் முழுவதும் பேசுகிறதே! இதைப் பார்க்கும் வாய்ப்பு பாரேயின் வீட்டில் கிடைத்தது. அச்சுக்கூடத்தில் சின்னச் சின்ன எழுத்துகள் சேர்ந்து பெரிய புத்தகம் ஆகின்றன. பின்னாளில் அவர் தறியில் சின்னச் சின்னத் துளைகள் சேர்ந்து பெரிய பூவாக மலர்ந்தன.

கயிறு இழுக்கும் பிள்ளைகள்

நெசவு தெரியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை.

தறியில் நீளவாக்கில் ஓடும் நூல் பாவு. குறுக்கே ஓடும் நூல் ஊடை. பாவு நூல்களில் சிலவற்றைத் தூக்கி, சிலவற்றை இறக்கினால் நடுவில் ஒரு வழி பிறக்கும். அந்த வழியில் நாடா ஓடும். ஊடை விழும்.

வெறும் துணி என்றால் ஒன்று விட்டு ஒன்று தூக்கினால் போதும். காலால் மிதித்தே செய்துவிடலாம். பூ, இலை, மயில் வேண்டும் என்றால்? ஒவ்வொரு ஊடைக்கும் வேறு வேறு நூல்கள் எழ வேண்டும். இந்த வரிசைக்கு 5-வது நூலும் 9-வது நூலும் எழும். அடுத்த வரிசைக்கு 6-வதும் 8-வதும் எழும். நெசவாளியின் இரண்டு கால்களால் ஆகிற காரியமா இது?

ஆகவே நூல்களைக் கயிறுகளில் கட்டி, அந்தக் கயிறுகளை இழுக்கப் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தினார்கள். லியோனில் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும் இந்த வேலையைச் செய்தார்கள். கயிறுகளின் அடியில் ஈயக் குண்டுகள் தொங்கும். காலை முதல் இரவு வரை அந்தப் பாரத்தை இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒரு கயிறு மாறினால் பூ கெடும். பூ கெட்டால் திட்டு விழும். வளரும் பிள்ளைகளின் முதுகு வளைந்தது; கை கால் கோணியது.

ஜக்கார்டும் சிறு வயதில் தந்தையின் தறியில் கயிறு இழுத்தவர் என்று லியோன் மக்கள் சொல்வார்கள். இந்த வேலையின் கொடுமை அவருக்குத் தெரியும்.

சொத்து வந்தது, சொத்து போனது

1772-ல் தந்தை இறந்தார். 20 வயது வாலிபனுக்கு வீடு, தறிகள், திராட்சைத் தோட்டம், கல் குவாரி எல்லாம் வந்து சேர்ந்தன. 1778-ல் கிளாதின் என்ற விதவைப் பெண்ணை மணந்தார். மறு ஆண்டில் ஒரே மகன் பிறந்தான்.

மனிதருக்கு வியாபாரம் கைவரவில்லை. கடன் ஏறியது. தறி போயிற்று. தோட்டம் போயிற்று. தந்தை தேடி வைத்த சொத்தெல்லாம் கடன்காரர் கைக்குப் போயிற்று. மிஞ்சியது, பக்கத்தில் உள்ள ஊலான் கிராமத்தில் மனைவியின் வீடு ஒன்றுதான். சுண்ணாம்புக் காளவாயில் அவர் கூலி வேலை செய்தார் என்றும், மனைவி வைக்கோல் தொப்பி பின்னிக் குடும்பத்தைக் காப்பாற்றினாள் என்றும் சொல்லப்படுகிறது.

போர் கொண்டு போன மகன்

1789-ல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. மன்னன் வீழ்ந்தான். 1793-ல் லியோன் நகரம், பாரிஸ் புரட்சி அரசாங்கத்தை எதிர்த்து நின்றது. ஆகஸ்டு மாதம் அரசாங்கத்தின் படை வந்து நகரத்தை முற்றுகை போட்டது. அதே ஆகஸ்டு மாதத்தில்தான், இங்கே புதுச்சேரியை ஆங்கிலேயர் முற்றுகை போட்டுப் பிடித்தார்கள். உலகத்தின் இரண்டு மூலைகளில் இரண்டு துணி நகரங்கள் ஒரே நேரத்தில் பீரங்கிக்கு முன்னால் நின்றன.

ஜக்கார்டும் மகனும் ஊரைக் காக்கத் துப்பாக்கி எடுத்தார்கள். அக்டோபர் 9-ந் தேதி லியோன் விழுந்தது. பிடிபட்டால் தலை தப்பாது. இருவரும் தப்பி ஓடி, வேறு பெயர் சொல்லி, எந்தப் படையை எதிர்த்தார்களோ அந்தப் புரட்சிப் படையிலேயே சேர்ந்தார்கள்.

போர்க்களத்தில் ஒரே மகன் குண்டடிபட்டு இறந்தான்.

சில ஆண்டுகள் கழித்து ஜக்கார்டு தனியாக ஊர் திரும்பினார். வயது 46-ஐ நெருங்கியது. கையில் காசு இல்லை. பிள்ளை இல்லை. மற்றவராக இருந்தால் மூலையில் முடங்கி இருப்பார். இவர் மறுபடியும் தறியின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

பாரிசில் கிடந்த பழைய தறி

1800-ல் புது மாதிரித் தறி ஒன்றுக்கு உரிமை பெற்றார். 1801-ல் பாரிஸ் கண்காட்சியில் வெண்கலப் பதக்கம் கிடைத்தது. பிறகு மீன் வலை பின்னும் எந்திரம் ஒன்றைச் செய்தார்.

இதைப் பற்றி ஒரு கதை உண்டு. இழுத்துப் பிடித்த நூலில் எந்திரம் எப்படி முடிச்சுப் போடும் என்று நம்ப முடியாமல், அதிகாரிகள் அவரைக் குற்றவாளியைப் போல் பாரிசுக்குக் கூட்டிப் போனார்களாம். அவர் செய்து காட்டியதும் வாய் பிளந்து நின்றார்களாம். கதை எவ்வளவு தூரம் உண்மையோ, பாரிஸ் போனது உண்மை.

அங்கே தொழில் கருவிகளைச் சேர்த்து வைக்கும் காட்சிசாலையில் ஒரு பழைய தறி கிடந்தது. செய்தவர் வோகன்சோன். எந்திர வாத்து செய்து ஊரையே வியக்க வைத்தவர் அவர். துளை போட்ட உருளையால் நூலைத் தூக்கும் தறியை 1740-களில் செய்தார். விலை அதிகம், சின்னச் சின்னப் பூ மட்டுமே வரும். யாரும் சீந்தவில்லை.

அதற்கும் முன்பே லியோனில் இரண்டு பேர் முயன்று இருந்தார்கள். 1725-ல் பூஷோன் என்பவர் காகிதச் சுருளில் துளை போட்டார். 1728-ல் பல்கோன் என்பவர் தனித்தனி அட்டைகளைக் கோத்துச் சங்கிலி ஆக்கினார். ஆனால் அட்டையை அழுத்த அப்போதும் ஓர் ஆள் தேவைப்பட்டார்.

ஜக்கார்டு இவற்றை எல்லாம் பார்த்தார். ஒருவரின் அட்டையை எடுத்தார். இன்னொருவரின் எந்திரத்தை எடுத்தார். இரண்டையும் சேர்த்துத் தறியின் தலையில் ஏற்றினார். 1804-ல் புதுத் தறி பிறந்தது.

அட்டையும் துளையும் அவர் புதிதாகக் கண்டுபிடித்தவை அல்ல. ஆனால் பாதியில் நின்ற மூன்று பேரின் வேலையை, ஏழை நெசவாளி வீட்டில் ஓடும்படி முடித்துக் காட்டியவர் அவரே.

துளை இருந்தால் மேலே, இல்லாவிட்டால் கீழே

பெட்டிக்குள் வரிசையாகக் கொக்கிகள் நிற்கும். ஒவ்வொரு கொக்கியிலும் பாவு நூலைத் தூக்கும் கயிறு கட்டி இருக்கும். ஒவ்வொரு கொக்கிக்கும் ஓர் ஊசி காவல்.

நெசவாளி மிதியை மிதித்ததும், ஓர் அட்டை வந்து ஊசிகளின் முனையில் மோதும். துளை உள்ள இடத்தில் ஊசி உள்ளே நுழைந்துவிடும். அதன் கொக்கி நேராக நிற்கும். மேலே எழும் சட்டம் அந்தக் கொக்கியை மாட்டித் தூக்கும். நூல் எழும்.

துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளும். கொக்கி சாய்ந்துவிடும். சட்டம் அதைத் தொடாமல் போகும். நூல் கீழேயே கிடக்கும்.

அவ்வளவுதான்! துளை என்றால் ஆம். துளை இல்லை என்றால் இல்லை. தறிக்கு அவர் கற்றுக் கொடுத்தவை இந்த இரண்டே எழுத்துகள்.

ஓர் அட்டை என்பது ஓர் ஊடைக்கு உரிய கட்டளை. 240 கொக்கி உள்ள ஜக்கார்டு என்றால், ஓர் அட்டையில் 240 ஆம் அல்லது இல்லை. அட்டைகளை மாற்றினால் மயில் போய் மான் வரும். தறியில் ஓர் ஆணியைக்கூடக் கழற்ற வேண்டாம். இனிமேல் கயிறு இழுக்கும் பிள்ளையும் வேண்டாம்.

சக்கரவர்த்தியின் பரிசு, ஊராரின் கோபம்

1805 ஏப்ரலில் சக்கரவர்த்தி நெப்போலியன் தன் மனைவி ஜோசபினுடன் லியோன் வந்தார். ஜக்கார்டின் தறி பொதுச் சொத்து என்று அரசாங்கம் அறிவித்தது. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். ஜக்கார்டுக்கு ஆயுள் உள்ளவரை ஆண்டுக்கு 3,000 பிராங்கு உதவித்தொகை. சில ஆண்டுகளுக்கு, விற்கும் தறி ஒவ்வொன்றுக்கும் 50 பிராங்கு.

அரசாங்கம் பாராட்டியது. ஊர் பாராட்டியதா? இல்லை.

கயிறு இழுத்துப் பிழைத்த குடும்பங்களின் வயிற்றில் அடி விழுந்தது. பிள்ளையின் முதுகு வளைந்தது உண்மை. அந்த வளைந்த முதுகுதான் வீட்டுக்கு ரொட்டி கொண்டு வந்தது என்பதும் உண்மை. ஜக்கார்டின் தறியைத் தெருவில் போட்டு உடைத்து எரித்தார்கள் என்றும், அவரையே தாக்க வந்தார்கள் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

அவர் ஓடவில்லை. தறியும் ஓயவில்லை. பிரெத்தோன் என்ற மெக்கானிக் அதில் இருந்த சில கோளாறுகளைத் திருத்தினார். 1812-க்குள் பிரான்சில் சுமார் 11,000 ஜக்கார்டு தறிகள் ஓடின என்று கணக்குச் சொல்கிறார்கள். 1819-ல் அரசாங்கம் அவருக்கு உயர்ந்த விருதான லெஜியோன் தோனர் பட்டம் அளித்தது.

எந்திரம் சுமையை இறக்கும். இறங்கிய சுமையின் பலன் யாருக்குப் போக வேண்டும் என்பதை எந்திரம் சொல்லாது. அதை மனிதர்கள்தான் தீர்க்க வேண்டும். புதுச்சேரிக்கு இது நன்றாகத் தெரியும். 1820-களின் கடைசியில், ஜக்கார்டு உயிரோடு இருந்தபோதே, இங்கே பஞ்சாலை வந்துவிட்டது. அதுவே சவானா மில். நூறு ஆண்டு கழித்து, 1936 ஜூலை 30-ந் தேதி, அந்த மில் தொழிலாளிகள் நியாயமான வேலை நேரம் கேட்டுப் போராடியபோது துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் உயிர் துறந்தார்கள். அதன் பிறகே 8 மணி நேர வேலைச் சட்டம் புதுச்சேரிக்கு வந்தது.

துளை கணக்குப் போட்டது

ஜக்கார்டு தமது 82-வது வயதில், 1834 ஆகஸ்டு 7-ந் தேதி ஊலான் கிராமத்தில் காலமானார். எதிர்த்த ஊரே பிறகு அவருக்குச் சிலை வைத்தது. 1840-ல் அந்தச் சிலை லியோனில் எழுந்தது.

1839-ல் லியோன் நெசவாளிகள் அவர் உருவத்தைப் பட்டில் நெய்தார்கள். அதற்குப் பிடித்த அட்டைகள் 24,000! பார்த்தவர்கள் அச்சடித்த படம் என்றே நினைத்தார்கள்.

அந்தப் பட்டுப் படம் ஒன்றை வாங்கி வீட்டில் மாட்டியவர், இங்கிலாந்துக் கணித மேதை சார்லஸ் பாபேஜ். அட்டையால் பூ நெய்ய முடியும் என்றால் கணக்கும் போட முடியும் அல்லவா? இப்படி நினைத்து ஒரு கணித எந்திரத்துக்குத் திட்டம் போட்டார். பைரன் என்ற கவிஞரின் மகள் ஏடா லவ்லேஸ், 1843-ல் அந்த எந்திரம் எப்படி வேலை செய்யும் என்று விளக்கி எழுதினார். எந்திரம் முழுமை அடையவில்லை. எண்ணம் மட்டும் சாகவில்லை.

1890-ல் அமெரிக்காவில் ஜனத்தொகைக் கணக்கு எடுத்தபோது, ஹாலரித் என்பவர் ஆளுக்கு ஓர் அட்டை போட்டுத் துளையிட்டார். துளை வழியே கம்பி நுழைந்தால் மின்சாரம் பாயும். கணக்கு ஒன்று கூடும். தறியின் ஊசி, மின்சார ஊசி ஆயிற்று. அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு நீண்ட வழி இல்லை.

கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள்

இப்போது முதலில் சொன்ன விஷயத்துக்கு வருவோம்.

கம்ப்யூட்டரில் ஒலிபெருக்கி உண்டு; விசிறி உண்டு; காமிரா உண்டு; இண்டர்நெட்டுக்கு உரிய கார்டு உண்டு. ஒவ்வொரு கருவிக்குள்ளும் மிகச் சிறிய சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். ஒரு வரிசையில் 32 சுவிட்சு இருப்பது சாதாரணம். இந்த வரிசைக்குக் கன்ட்ரோல் ரிஜிஸ்டர் என்று பெயர். ஆம் என்றால் 1. இல்லை என்றால் 0. ஒரு சுவிட்சு கருவியை எழுப்பும். ஒரு சுவிட்சு வேகத்தைக் கூட்டும். ஒரு சுவிட்சு உறங்க வைக்கும். ஜக்கார்டு பெட்டியின் கொக்கிகளேதான், கண்ணுக்குத் தெரியாத உருவத்தில்!

இந்தக் கொக்கிகளை யார் தொடலாம்? கண்டவர் எல்லாம் தொடலாமா? கூடாது.

கம்ப்யூட்டரை நடத்தும் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உள்கருவுக்குக் கெர்னல் என்று பெயர். ஓட்டுக்குள் தேங்காய்ப் பருப்பு இருப்பது போல் உள்ளே பத்திரமாக இருக்கும். நாம் பாட்டுக் கேட்கும் புரோகிராமோ படம் பார்க்கும் புரோகிராமோ கருவியை நேரே தொட முடியாது. கெர்னலிடம் விண்ணப்பம் போட வேண்டும். கெர்னல் அதை டிரைவர் என்ற உட்பகுதியிடம் ஒப்படைக்கும்.

இந்த டிரைவர் பஸ் ஓட்டுகிறவர் அல்ல. ஒரு கருவியின் எந்தக் கொக்கி எந்த நூலைத் தூக்கும் என்று அறிந்த புரோகிராம். ஜக்கார்டின் தாய் வரைபடத்தைப் படித்து நூல் பிரித்துச் சொன்னாள் அல்லவா? அந்த வேலையைத்தான் டிரைவர் செய்கிறது.

அதற்கு மூன்று ஜாக்கிரதைகள் வேண்டும்.

முதலாவது, ஒரு சுவிட்சை மாற்றும்போது மற்ற 31 சுவிட்சும் கெடக்கூடாது. ஆகவே பெரும்பாலும் 32-ம் இப்போது எப்படி இருக்கின்றன என்று முதலில் படிக்கும். ஒன்றை மட்டும் திருத்தும். பிறகு முழு வரிசையையும் திருப்பி எழுதும்.

இரண்டாவது, படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே வேறு ஒரு கை நுழைந்துவிடக்கூடாது. ஒரே தறியில் இரண்டு பிள்ளைகள் தங்கள் இஷ்டத்துக்குக் கயிறு இழுத்தால் துணி என்ன ஆகும்? ஆகவே வேலை முடியும் வரை டிரைவர் கதவைப் பூட்டிக்கொள்ளும்.

மூன்றாவது, முறை தவறக்கூடாது. நூல் எழுந்து வழி பிறந்த பிறகே நாடா ஓட வேண்டும். முன்னால் ஓடினால் நூல் அறுந்துவிடும். அது போலக் கருவி தயார் என்று சொல்லும் சுவிட்சைப் பார்த்த பிறகே டிரைவர் அடுத்த கட்டளையை எழுதும்.

காவல் தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு 2008-ல் ஓர் உதாரணம் கிடைத்தது. லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் புதிய கெர்னலைச் சோதனை பார்த்துக்கொண்டு இருந்தார்கள். திடீரென்று, இண்டெல் நிறுவனத்தின் ஒரு வகை நெட்வொர்க் கார்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயல் இழந்தன. கார்டின் உள்ளே அழியாமல் எழுதி வைத்து இருந்த விவரங்களே கெட்டுப்போயின. கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டாலும் கார்டு எழுந்திருக்கவில்லை.

முதலில் எல்லோரும் அந்தக் கார்டின் டிரைவரைச் சந்தேகப்பட்டார்கள். தேடிப் பார்த்தால், குற்றவாளி வேறு. கெர்னலின் ஓட்டத்தைக் கண்காணிக்க வைத்த வேறு ஒரு பகுதி, தன்னுடைய இடம் என்று நினைத்துக் கார்டுக்கு உரிய இடத்தில் எழுதி இருந்தது. அந்தப் பகுதியைத் திருத்தினார்கள். கார்டின் டிரைவரிலும், அந்த இடத்தில் யாரும் எழுத முடியாதபடி பூட்டுப் போட்டார்கள். கொக்கியைத் தொடத் தெரியாத கை தொட்டால் எவ்வளவு நஷ்டம் என்று உலகம் கண்டது.

மறுபடியும் தறிக்கு

வட்டம் முழுமை அடைந்த கதையையும் கேளுங்கள்.

1983-ல் இத்தாலியின் மிலான் நகரத்தில் நடந்த நெசவு எந்திரக் கண்காட்சியில், போனாஸ் என்ற நிறுவனம் அட்டை இல்லாத ஜக்கார்டைக் கொண்டு வந்தது. கொக்கியைப் பிடிப்பதும் விடுவதும் மின்காந்தம். மின்காந்தத்துக்குக் கட்டளை கொடுப்பது கம்ப்யூட்டர். 1 என்றால் நூல் மேலே. 0 என்றால் நூல் கீழே. தறியில் பிறந்த துளை, கணக்கு எந்திரத்துக்குப் போய், கம்ப்யூட்டராக வளர்ந்து, மறுபடி தறிக்கே வந்து சேர்ந்தது. இன்று காஞ்சீபுரத்திலும் அட்டை ஜக்கார்டு, கம்ப்யூட்டர் ஜக்கார்டு இரண்டுமே ஓடுகின்றன.

புதுச்சேரியில் 1898-ல் தோன்றி ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்ட ஏ.எப்.டி. மில் 2020-ல் மூடப்பட்டது. அதன் சங்குச் சத்தம் இப்போது இல்லை. அந்த மில் தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகள் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள். ரிஜிஸ்டர் என்றும் டிரைவர் என்றும் பாடத்தில் வரும்போது, அது தங்கள் தாத்தா வேலையின் தொடர்ச்சி என்று அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

ஜக்கார்டு பெரிய விஞ்ஞானி அல்ல. பட்டம் பெற்றவர் அல்ல. சொத்தைத் தொலைத்தார். பிள்ளையைப் பறி கொடுத்தார். ஊராரின் கோபத்துக்கு ஆளானார். ஆனால் தறிக்குப் பக்கத்தில் கயிறு இழுத்த பிள்ளையின் கையை அவர் மறக்கவில்லை. அந்தக் கையில் இருந்த வேலையை ஒரு துண்டு அட்டைக்கு மாற்றினார்.

அடுத்த முறை பட்டுப்புடவையை மடித்து வைக்கும்போது, உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். நூல்கள் எங்கே எழுந்தன, எங்கே அடங்கின என்பது அங்கே தெரியும். ஆம், இல்லை, ஆம், இல்லை. 13 வயதில் எழுத்துப் படித்த ஒரு மனிதரின் கையெழுத்து அது.